4140, ஈஎன் 19, 42சிஆர்எம்ஓ4: ஷாஃப்டுக்கு எது, எந்த நிலையில்?

கேட்டவர் எழுதியிருப்பது இது: கன்வேயரில் 90 மி.மீ. ஷாஃப்ட் (சுழலும் தண்டு), மென் எஃகில் கடைந்தது, எட்டு மாதத்தில் இரண்டு முறை போய்விட்டது. 4140 என்ற எஃகைப் போடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வரைபடத்தில் 42சிஆர்எம்ஓ4 என்று இருக்கிறது. விற்பவரோ ஈஎன் 19 தருகிறேன் என்கிறார். மூன்றும் ஒன்றுதானா, குரோமியம் இருப்பதால் துரு பிடிக்காதா, ஃப்ளான்ஜை (இணைப்புக்கான வட்டத் தட்டை) அதன்மேல் வெல்டிங் செய்யலாமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் உண்மையில் உங்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன்: எஃகை மாற்றிவிட்டால் ஷாஃப்ட் நிற்குமா? நான் இருபது வருடத்துக்கு மேல் வெப்பச் சிகிச்சை உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவன். இந்த எஃகைக் கையாண்ட அளவுக்கு வேறு எதையும் நான் கையாண்டதில்லை. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். 4140 அமெரிக்க எண், ஈஎன் 19 பழைய பிரிட்டிஷ் எண், 42சிஆர்எம்ஓ4 ஐரோப்பியப் பெயர். ஜப்பானில் இதையே எஸ்சிஎம் 440 என்பார்கள். எல்லாமே சுமார் 0.40 சதவீதம் கார்பன், 1 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம் உள்ள ஒரே குடும்பம். நுணுக்கமாகப் பார்த்தால் 4140-இல் குரோமியம் 0.80 முதல் 1.10, மாலிப்டினம் 0.15 முதல் 0.25. 42சிஆர்எம்ஓ4-இல் குரோமியம் 0.90 முதல் 1.20, மாலிப்டினம் 0.15 முதல் 0.30. ஈஎன் 19-க்குப் பின்னால் வந்த 709எம்40 என்ற பிரிட்டிஷ் ரகத்தில் மாலிப்டினம் 0.25 முதல் 0.35, அதாவது சற்று அதிகம். உங்கள் அளவுள்ள ஒரு ஷாஃப்டுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வரைபடத்தைப் போட்டவர் ஒப்புக்கொண்டால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தாராளமாகப் போடலாம். அழுத்தக் கலன், எண்ணெய்க் கிணறு போல விதிமுறைக்குக் கட்டுப்பட்ட வேலையாக இருந்தால் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. அங்கே எழுதியிருப்பதையே போட வேண்டும்.

பெயர் விஷயம் அவ்வளவுதான். சிக்கல் இனிமேல்தான். "4140 போட்டேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது பாதிச் செய்திதான். அந்தக் கம்பி எந்த நிலையில் வந்தது? அனீல் செய்து, அதாவது சூடாக்கி உலையிலேயே மெதுவாக ஆறவைத்ததா, நார்மலைஸ் செய்ததா (காற்றில் ஆறவைத்ததா), ஹார்டனிங் செய்து (சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து) டெம்பர் செய்ததா (உடையாமல் இருக்க மிதமாக மறுபடி சூடாக்கியதா)? அனீல் செய்த 4140-இன் இழுவிசை வலிமை சுமார் 655 மெகாபாஸ்கல், நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு சுமார் 415. அதே கம்பியை ஹார்டனிங் செய்து டெம்பர் செய்தால், மெல்லிய துண்டில் 1,100 மெகாபாஸ்கலுக்கு மேலும் கொண்டுபோகலாம். வேதியியல் சான்றிதழ் இரண்டுக்கும் ஒன்றேதான். இணையத்தில் 4140-இன் வலிமை என்று தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அந்த 655 என்ற எண். அது அனீல் செய்த நிலைக்கு உரியது என்று கீழே சின்னதாகப் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

இது ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. எஃகை சுமார் 850 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கார்பன் இரும்பில் கரைந்துவிடும். அந்த நிலைக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். வேகமாகக் குளிர்வித்தால் கார்பன் வெளியே வர நேரமில்லாமல் சிக்கிக்கொண்டு மார்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பு உருவாகிறது. மெதுவாகக் குளிர்ந்தால் பெர்லைட் போன்ற மென்மையான அமைப்பு. மார்டென்சைட் எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதைக் கார்பன்தான் முடிவு செய்கிறது. 0.40 சதவீதம் கார்பன் என்றால் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் சுமார் 55, குரோமியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படியானால் குரோமியமும் மாலிப்டினமும் எதற்கு? அவை பெர்லைட் உருவாவதைத் தாமதப்படுத்துகின்றன. அதனால் அவ்வளவு வேகமாகக் குளிர்விக்காவிட்டாலும் மார்டென்சைட் கிடைக்கிறது. தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் குளிர்வித்தால் போதும், விரிசல் அபாயம் குறைகிறது. தடித்த கம்பியிலும் கடினம் உள்ளே வரை இறங்குகிறது. அதே 0.40 கார்பன் உள்ள, ஆனால் குரோமியமோ மாலிப்டினமோ சேர்க்காத ஈஎன் 8-ஐ 90 மி.மீ. தடிமனில் குளிர்வித்தால் மேல்தோல் மட்டும்தான் கடினமாகும்.

மாலிப்டினத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீரங்கிகளுக்கு நிக்கல்-குரோமிய எஃகு பயன்படுத்தியபோது, டெம்பர் செய்து மெதுவாக ஆறவைத்த துண்டுகள் காரணம் தெரியாமல் கண்ணாடி போல உடைந்தன. ஜெர்மனியில் இதை, பீரங்கி செய்த க்ரூப் நிறுவனத்தின் பெயரால், "க்ரூப் நோய்" என்றே அழைத்தார்கள். பாஸ்பரஸ், வெள்ளீயம் போன்ற அசுத்தங்கள் எஃகின் நுண்ணிய படிக மணிகளின் எல்லையில் போய்ச் சேர்வதுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்தால் அது பெருமளவு அடங்குகிறது. சூட்டில் எஃகு சீக்கிரம் மென்மையாகாமல் பிடித்துவைப்பதும் மாலிப்டினம்தான். கால் சதவீதத்துக்கும் குறைவான ஒரு சேர்மானம் இவ்வளவு செய்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

இப்போது உங்கள் 90 மி.மீ. ஷாஃப்டுக்கு வருவோம். கடினம் உள்ளே இறங்கும் என்றேன், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஐரோப்பியத் தரநிலையில் ஹார்டனிங்-டெம்பரிங் செய்த 42சிஆர்எம்ஓ4-க்கு விட்டத்தைப் பொறுத்து வேறு வேறு எண்கள் கொடுத்திருக்கிறார்கள். 16 மி.மீ. வரை வளையத் தொடங்கும் அளவு குறைந்தது 900 மெகாபாஸ்கல். 16-லிருந்து 40 வரை 750. 40-லிருந்து 100 வரை 650. 100-லிருந்து 160 வரை 550. அதற்கு மேல் 250 வரை 500. ஒரே எஃகு, ஒரே சிகிச்சை, தடிமன் மட்டும் வேறு. பட்டியலின் முதல் வரியைப் பார்த்துவிட்டு 900 என்று கணக்குப் போட்டு 200 மி.மீ. ஷாஃப்ட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவது 650. சாதாரண மென் எஃகின் 250-உடன் ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு. இது நல்ல லாபம்தான்.

இந்த எண்களும் மையத்தைச் சொல்வதில்லை. 25 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பியில் சோதனைத் துண்டை மேற்பரப்பிலிருந்து 12.5 மி.மீ. உள்ளே எடுப்பதுதான் வழக்கம். நடுவில் வலிமை இன்னும் குறைவாக இருக்கும். ஷாஃப்டுக்கு இதனால் பயமில்லை, ஏனென்றால் வளைவிலும் முறுக்கிலும் அழுத்தம் மேற்பரப்பில்தான் அதிகம், மையத்தில் பூஜ்யம். பெரிய போல்ட் அப்படியில்லை. அது இழுபடும்போது முழுக் குறுக்குவெட்டும் சமமாகச் சுமக்கிறது, நடுவில் பலவீனம் இருந்தால் அது கணக்கில் வரும். மிகத் தடித்த வேலைக்கு நிக்கலும் சேர்ந்த 4340 அல்லது ஈஎன் 24-க்குப் போவது இதனால்தான்.

சரி, எஃகை மாற்றினால் ஷாஃப்ட் நிற்குமா? உங்கள் ஷாஃப்ட் "போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போனது என்பதில்தான் விடை இருக்கிறது. வளைந்து அப்படியே நின்றுவிட்டதா? அப்படியானால் சுமை மென் எஃகின் தாங்கும் அளவைத் தாண்டியிருக்கிறது, ஹார்டனிங்-டெம்பரிங் செய்த 4140 உறுதியாக உதவும். ஓடும்போது அதிகமாகத் தொய்ந்து பேரிங்கைக் கெடுத்ததா? அப்படியானால் 4140 எந்த உதவியும் செய்யாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். எஃகின் விறைப்பு, அதாவது யங் குணகம், மென் எஃகிலும் 4140-இலும் சுமார் 205 முதல் 210 கிகாபாஸ்கல்தான், ஹார்டனிங் செய்தாலும் மாறாது. அதே சுமைக்கு அதே தொய்வுதான். அதற்கு விட்டத்தைக் கூட்ட வேண்டும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் 10 சதவீதம் தடிப்பாக்கினாலே 46 சதவீதம் விறைப்பு கூடும்.

மூன்றாவது வகை, முறிந்துபோவது. எட்டு மாதத்தில் இரண்டு முறை என்பதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான், அதாவது களைப்பு முறிவு: திரும்பத் திரும்ப வரும் சுமையால் சிறு விரிசல் பிறந்து மெல்ல வளர்ந்து முறிவது. ஆனால் முறிந்த முகத்தைப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. நீங்களே பார்க்கலாம். முறிந்த இடத்தில் ஒரு பக்கம் வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் வரிகள் போல வளைவு வளைவாக இருந்து, மிச்சப் பகுதி கரடுமுரடாக இருந்தால் அது களைப்புதான். அந்த வரிகள் எங்கே மையம் கொண்டிருக்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. பெரும்பாலும் அது கீவேயின் (சாவிக்காக வெட்டிய பள்ளத்தின்) மூலையாக இருக்கும், அல்லது விட்டம் மாறும் படிக்கட்டாக, அல்லது இறுக்கமாக ஏற்றிய பேரிங்கின் விளிம்பாக இருக்கும்.

களைப்பு என்றால் வலிமையான எஃகு உதவும், ஆனால் எண்கள் காட்டும் அளவுக்கு உதவாது. பளபளப்பாக மெருகிட்ட சோதனைத் துண்டில் களைப்பு எல்லை இழுவிசை வலிமையில் சுமார் பாதி. நிஜ ஷாஃப்டில் கூர்மூலை, லேத் கோடு, உராய்வு அரிப்பு எல்லாம் சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிடும், அதுவும் எஃகு எவ்வளவு வலிமையாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கூர்மூலைக்கு அது கூச்சப்படும். ஒரு முறை ஒரு ஆலையிலிருந்து வந்த ஷாஃப்டை மூன்று தடவை ஹார்டனிங் செய்து கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் கடினத்தை இன்னும் கூட்டிக் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் முறிந்து வந்தது. கடைசியில் படிக்கட்டின் மூலையில் 0.5 மி.மீ. ஆரம் இருந்ததைப் பார்த்துவிட்டு அதை 4 மி.மீ. ஆக்கச் சொன்னேன், கடினத்தைப் பழைய அளவுக்கே இறக்கினோம். அதற்குப் பிறகு அந்த ஷாஃப்ட் திரும்பி வரவில்லை. முதல் தடவையே மூலையைப் பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நீங்கள் இதைச் செய்வதென்றால் நான் சொல்லும் வழி இது. கம்பி ஏற்கெனவே ஹார்டனிங்-டெம்பரிங் செய்து ராக்வெல் சி 28 முதல் 32 வரையில் கிடைக்கும். அதை வாங்கி நேரடியாக லேத்தில் கடையுங்கள். கார்பைடு முனை போட்டால் சிரமமில்லாமல் கடையும். பிறகு உலையில் வைக்கத் தேவையே இல்லை, வளைவு, விரிசல் பயமும் இல்லை. சூட்டில் உருட்டிய கம்பியாக இருந்தால் மேல்தோலில் கார்பன் எரிந்துபோன ஓர் அடுக்கு இருக்கும், அதைக் கடைந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தோல் மென்மையானது, களைப்பு விரிசல் அங்கே சுலபமாகப் பிறக்கும். அனீல் செய்த கம்பிதான் கிடைத்தது என்றால் முதலில் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கடைந்து, 840 முதல் 870 டிகிரிக்குள் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே டெம்பர் உலைக்குள் வைத்து, அப்புறம் கடைசிக் கடைசல். குளிர்வித்த துண்டை மறுநாள் டெம்பர் செய்யலாம் என்று இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் விரிசலோடு கிடக்கலாம். கீவேயை ஹார்டனிங்குக்கு முன்பே வெட்டினால் மூலைகளுக்கு ஆரம் கொடுத்தே ஆக வேண்டும்.

டெம்பர் வெப்பநிலை பற்றி ஓர் எச்சரிக்கை. 550 முதல் 650 டிகிரிக்குள் டெம்பர் செய்வதுதான் ஷாஃப்டுக்கு நல்லது. அதிகக் கடினம் வேண்டும் என்று 250-லிருந்து 370 வரையிலான பகுதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதியில் கடினம் நன்றாகத்தான் காட்டும், ஆனால் அடி தாங்கும் தன்மை விழுந்துவிடும். கடினமானியில் இது தெரியவே தெரியாது. மாலிப்டினம் க்ரூப் நோயைத் தடுப்பது போல இதைத் தடுப்பதில்லை, இது வேறு வகை. பேரிங் உட்காரும் இடம் மட்டும் தேயாமல் இருக்க வேண்டுமென்றால் மொத்த ஷாஃப்டையும் கடினமாக்காதீர்கள். உள்ளே ராக்வெல் 30-இல் வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் மின்காந்தத்தால் சூடாக்கிக் குளிர்விக்கும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் செய்யலாம், ராக்வெல் 53-க்கு மேல் கிடைக்கும். கடினமான பட்டை படிக்கட்டின் மூலையில் போய் முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், முடியும் இடத்தில் இழுவிசை எச்சமாகத் தங்கும். இன்னொரு வழி நைட்ரைடிங், அதாவது மேல்தோலில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்குவது. அது 500 முதல் 530 டிகிரியில் நடப்பதால் ஷாஃப்ட் அவ்வளவாக வளையாது, ஆனால் முன்னால் செய்த டெம்பர் அதைவிட அதிகச் சூட்டில் இருந்திருக்க வேண்டும்.

துரு விஷயத்துக்கு நேரடியான பதில்: பிடிக்கும், மென் எஃகைப் போலவே பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும், இங்கே இருப்பது 1 சதவீதம். பெயின்ட் அடியுங்கள், எண்ணெய் தடவுங்கள். மின்முலாம் பூசுவதென்றால் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடினமான துண்டுகளைப் பின்னால் திடீரென்று உடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பூசியவுடனே 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். ராக்வெல் 30-இல் இருக்கும் ஷாஃப்டுக்கு இது பெரிய அபாயமில்லை, 40-ஐத் தாண்டினால் கட்டாயம். ஹைட்ரஜன் சல்பைடு உள்ள சூழலுக்கு ராக்வெல் 22-க்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. எண்ணெய், எரிவாயு வேலையில் இருப்பவர்கள் இதே எஃகின் பி7 போல்டுக்குப் பதில் மென்மையான பி7எம் கேட்பது அதனால்தான்.

வெல்டிங். முடிந்தால் செய்யாதீர்கள். கார்பன் சமானம் என்று ஒரு கணக்கு உண்டு: கார்பன், அதோடு மாங்கனீசில் ஆறில் ஒன்று, குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்ததில் ஐந்தில் ஒன்று. 4140-க்கு இது சுமார் 0.78 வருகிறது. 0.45-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். சூடாக்காமல் வெல்டிங் செய்தால் வெல்டைச் சுற்றியுள்ள பகுதி டெம்பர் செய்யாத மார்டென்சைட் ஆகிவிடும், ஹைட்ரஜனும் சேர்ந்துகொண்டால் வெல்டிங் முடிந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் வரும். 48 மணி நேரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். செய்தே ஆக வேண்டுமென்றால் 250 முதல் 300 டிகிரிக்கு முன்சூடு, அடுப்பில் உலர்த்திய குறை-ஹைட்ரஜன் ராடு, மெதுவாக ஆறவைத்தல், பிறகு முந்தைய டெம்பர் சூட்டைவிட 30 டிகிரியாவது குறைவான சூட்டில், உள்ளே தங்கிய இழுவிசையைத் தளர்த்தும் சிகிச்சை. உங்கள் ஃப்ளான்ஜுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கூம்பு வடிவப் பூட்டு வளையம் போட்டோ, சூடேற்றிச் சுருக்கியோ பொருத்துங்கள். வெல்டிங் செய்த விளிம்பே ஷாஃப்டின் களைப்புக்கு மோசமான இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரோம்-மாலி (குரோமியம்-மாலிப்டினம் எஃகு) சைக்கிள் சட்டத்தைப் பற்றவைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது 4130, கார்பன் சுமார் 0.30, சுவர் ஒரு மி.மீ. அளவுதான். வேறு நிலைமை. கொதிகலன் குழாய்களில் வரும் பி11, பி22 ஆகியவையும் குரோம்-மாலி என்றே அழைக்கப்படும். அவற்றில் கார்பன் 0.15-க்கும் கீழே, குரோமியம் முறையே 1.25, 2.25 சதவீதம். வெல்டிங் செய்வதற்கும் வருடக்கணக்கில் சூட்டில் நிற்பதற்கும் ஆனவை. பெயர் ஒன்று போல இருப்பதால் அவற்றின் தரவுகளை உங்கள் ஷாஃப்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். 4140-இன் சொந்த இடம் ஷாஃப்ட், கியர், சக்கர அச்சு, கனெக்டிங் ராடு, ஹைட்ராலிக் பிஸ்டன் ராடு, பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளின் தளத் தகடு, சூடான குழாய் இணைப்புகளின் போல்ட் ஆகியவை. எண்ணெய்க் கிணறு துளையிடும்போது துளைமுனைக்கு மேலே வரும் கனமான தடித்த குழாய்களுக்கு (டிரில் காலர்) இதன் நெருங்கிய உறவான 4145 ரகம் போகிறது.

வாங்கும்போது இரண்டு சோதனை செய்யுங்கள். சான்றிதழில் சிகிச்சை நிலை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாவிட்டால் அனீல் செய்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கம்பியின் முனையை வெட்டி பிரினெல் கடினம் (ராக்வெல் போல இன்னொரு கடின அளவு) எடுங்கள். அந்த எண்ணை 3.45-ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை மெகாபாஸ்கலில் தோராயமாகக் கிடைக்கும். 285 வந்தால் சுமார் 980, உங்களுக்கு அது போதும். 200-ஐ ஒட்டி வந்தால் சிகிச்சை செய்யாத கம்பியை விற்கிறார்கள் என்று பொருள். கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவியைக் காட்டி "4140 என்று வந்துவிட்டது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவியால் கார்பனை அளக்க முடியாது, மாங்கனீசை வைத்து 4130-ஆ 4140-ஆ என்று ஊகிக்கலாமே தவிர, கார்பன் எவ்வளவு என்று அது சொல்லாது. தீப்பொறி நிறமாலை சோதனை கார்பனைச் சொல்லும்.

புது ஷாஃப்டைக் கடைவதற்கு முன்னால் பழைய ஷாஃப்டின் முறிந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்காமல், துடைத்து எண்ணெய் தடவி, சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். கீவேயும் படிக்கட்டும் எங்கே இருக்கின்றன, மூலை ஆரம் எவ்வளவு என்று ஒரு கைப்படமும் சேர்த்துப் போட்டால், 4140 உங்களுக்கு வேண்டுமா அல்லது பழைய எஃகிலேயே மூலையை மட்டும் மாற்றினால் போதுமா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும்.